நான்காவது இலத்திரன்

கலைப்பீடத்தில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவி ஒருத்தி, மூலகங்களின் அயனாக்கற் சக்தியைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமற்றதெனச் சிலர் கருதுதல் கூடும். இத்தகைய மலர்களில் விஞ்ஞானக் கட்டுரைகளை விஞ்ஞானபீடத்தாரும் இலக்கியக் கட்டுரைகளை நாமும் எழுதுவதே வழமை. அவ்வழமையை மீறுவதற்கு எனக்கு ஒரு நியாயம் உண்டு. கல்முனைக்குத் தெற்கே கடலோரமாக அமைந்த எமது சிற்றூரின் பாடசாலையில், உயர்தர வகுப்பில் கலைப்பிரிவு மாத்திரமே இருந்தது. விஞ்ஞானம் கற்க விரும்புவோர் நாள்தோறும் பேருந்தேறி நகரத்துக்குப் போகவேண்டும். மூத்த மகளை அவ்வாறு அனுப்புவதற்கு வாப்பா உடன்படவில்லை. ஐந்தாண்டுகள் கழிந்தபின் என் தங்கைக்கு அவர் உடன்பட்டார். அவள்மீது எனக்குச் சிறிதும் பொறாமை இல்லையென எழுதினால் அது முழு உண்மையாகாது.

ஆகவே நான் அறிந்த இரசாயனவியல் முழுவதும் அவளுடைய குறிப்புப் புத்தகங்களின் வழியாக வந்தது. விடுமுறைக்கு வீடு செல்லும்போதெல்லாம் அவற்றைப் புரட்டுவேன். வரலாறு கற்போருக்கு ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. ஒரு கூற்றைக் கண்டால் அதற்குச் சான்று யாது, சான்றிலிருந்து அக்கூற்றுக்கு எவ்வழியாக வந்தனர் என வினவும் பழக்கம் அது. அப்பழக்கத்தோடு வாசித்துச் செல்கையில், அயனாக்கற் சக்தி என்னும் தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி என்னால் செல்ல இயலவில்லை. அவ்வாக்கியத்துக்கு வருமுன் பொருளைச் சற்று விளக்குதல் வேண்டும். இம்மலரை வாசிப்போருள் என் போன்றோரே பெரும்பான்மையினர் என நம்புகிறேன்.

வாயு நிலையிலுள்ள ஒரு மூலகத்தின் ஒரு மூல் அணுக்கள் ஒவ்வொன்றிலிருந்தும், மிகத் தளர்வாகப் பிணைக்கப்பட்டுள்ள ஓர் இலத்திரனை அகற்றுவதற்கு வேண்டிய சக்தியே அதன் முதலாம் அயனாக்கற் சக்தியாகும். சோடியத்துக்கு அது 496 கிலோயூல். இவ்வெண் வெறும் எண்ணாகவே நின்றுவிடாதிருக்க நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 23 கிராம் சோடிய ஆவியிலிருந்து இலத்திரன்களைக் கழற்றச் செலவாகும் சக்தியைக் கொண்டு, எமது ஊரின் வெப்பநிலையிலுள்ள ஒன்றரை லீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீரைக் கொதிக்க வைக்கலாம். ஈலியத்தின் பெறுமானம் 2372. மூலகங்கள் அனைத்தினும் இதுவே உயர்ந்தது. 4 கிராம் ஈலியத்தை அயனாக்கும் சக்தி ஏறக்குறைய எட்டு லீற்றர் நீரைக் கொதிக்கச் செய்யும். மறுமுனையில் சீசியத்துக்கு 376 கிலோயூல் போதுமானது. இலத்திரன் யாவும் ஒரே தன்மையன. சோடியத்தின் இலத்திரனுக்கும் ஈலியத்தின் இலத்திரனுக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை. அவ்வாறிருக்க இப்பெருவேறுபாடு எங்கிருந்து வந்தது? இலத்திரன் கருவிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, கருவில் எத்தனை நேரேற்றங்கள் உள்ளன, இடையில் நிற்கும் ஏனைய இலத்திரன்கள் அக்கவர்ச்சியை எவ்வளவு மறைக்கின்றன என்னும் மூன்றையும் பொறுத்தே அது அமைகிறது. முதலாவதையும் மூன்றாவதையும் தீர்மானிப்பது இலத்திரன் நிலையமைப்பு; அதாவது இலத்திரன்கள் எந்தெந்தச் சக்திமட்டங்களில், உபசக்திமட்டங்களில், எவ்வாறு நிரம்பியுள்ளன என்பது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோது எனக்கு வயது இரண்டு. அந்நாள் என் நினைவில் இல்லை. மூத்தம்மாவின் பேச்சிலிருந்தே அதனை அறிவேன். இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. இறந்தோர் தொகை பத்தாயிரத்தைக் கடந்தது. மையித்துகளை அடக்கிய பின்னர் எஞ்சியோர் தேடி அலைந்தது குடிநீரை. "கிணத்துத் தண்ணி வாயில வெக்கேலாம உவர்த்துக் கிடந்திச்சி" என்று மூத்தம்மா இன்றும் கூறுவார். இறைத்து ஊற்றினர், உவர் போகவில்லை. கரையோர மணலின் அடியில் உவர்நீரின் மேலே நன்னீர் மெல்லிய படையாக மிதக்கிறது. மிகுதியாக இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலெழும். அடுத்தடுத்து வந்த மாரிமழைகளே கிணறுகளைத் தேற்றின.

அக்கிணற்றில் கரைந்திருந்த சோடியம், அணுவாக இருக்கவில்லை. சோடிய உலோகத் துண்டொன்றை நீரில் இட்டால் அது சீறியோடி, ஐதரசனை வெளிவிட்டுத் தீப்பற்றவும் கூடும். ஒரு கிலோகிராம் கடல்நீரிலோ ஏறக்குறைய 11 கிராம் சோடியம் அமைதியாகக் கரைந்து கிடக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஓர் இலத்திரன் மாத்திரமே. சோடியத்துக்கு 11 இலத்திரன்கள். உள்ளே இரண்டும் அடுத்து எட்டும் நிரம்பியபின், பதினோராவது மூன்றாம் சக்திமட்டத்தில் தனித்து நிற்கிறது. அதனை அகற்ற 496 கிலோயூல். அடுத்த இலத்திரனையும் அகற்ற முயன்றால் 4562 கிலோயூல் வேண்டும். முன்னையதன் ஒன்பது மடங்குக்கும் மேல். மகனீசியத்தில் இப்பாய்ச்சல் ஓரிடம் தள்ளி நிகழ்கிறது: 738, 1451, பின்னர் 7733. இலத்திரன்கள் ஒரே குவியலாக இருந்திருப்பின் இவ்வெண்கள் படிப்படியாகவே ஏறியிருக்கும். திடீரெனத் தோன்றும் இச்சுவர்களே உள்ளே தனித்தனிச் சக்திமட்டங்கள் உள்ளன என்பதற்குச் சான்று. கடலிலே இரட்டை நேரேற்றமுடைய சோடிய அயன் காணப்படாமைக்கும் இச்சுவரே காரணம்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. நியோனுக்கும் சோடிய அயனுக்கும் இலத்திரன் நிலையமைப்பு ஒன்றே. எனினும் நியோனிலிருந்து ஓர் இலத்திரனை அகற்ற 2081 கிலோயூலும் சோடிய அயனிலிருந்து அகற்ற 4562 கிலோயூலும் வேண்டியிருக்கின்றன. கருவில் ஒரு புரோத்தன் கூடியதும், ஏற்கெனவே நேரேற்றம் பெற்றுவிட்ட துணிக்கையிலிருந்து எதிரேற்றமொன்றைப் பிரிக்க வேண்டியிருப்பதும் இவ்வளவு வேறுபாட்டை விளைக்கின்றன. ஆகவே நிலையமைப்பே அனைத்தையும் தீர்மானிக்கிறதெனக் கூறுதல் மிகைக்கூற்றாகும்.

இன்னொன்று. தங்கையின் குறிப்பில் "சோடியம் ஓர் இலத்திரனை இழந்து உறுதிநிலை அடைய விரும்புகிறது" என்றிருந்தது. விரும்புகின்ற ஒன்றைப் பெறுவதற்கு 496 கிலோயூல் செலவிட வேண்டுமா? எந்த அணுவும் தன் இலத்திரனை இலவசமாகக் கொடுப்பதில்லை. குளோரீன் அவ்விலத்திரனை ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோயூல். இன்னும் 147 கிலோயூல் பற்றாக்குறை. தனித்தனி அயன்கள் ஒன்றுசேர்ந்து உப்புப் பளிங்காகும்போது வெளிவரும் 787 கிலோயூலே அக்கடனை அடைத்து மிச்சமும் வைக்கிறது. அணுவுக்கு விருப்பத்தை ஏற்றிக் கூறுவது கற்பித்தலுக்கு எளிது. கணக்கை மறைத்துவிடுவதே அதன் கேடு.

திரையிடல் என்ற பதத்தைத் தங்கைக்கு விளக்க நேர்ந்தபோது எனக்குக் கைகொடுத்தது வாப்பாவின் வயல். கல்லோயாத் திட்டத்து வாய்க்கால் நீர் தலைமடைக்காரருக்கு நிறையக் கிடைக்கும். கடைமடைக்கு வந்து சேர்வது, மேலே உள்ளோர் எடுத்து எஞ்சியதே. எமது வயல் கடைமடையில் உள்ளது. எனவே இதனை விளக்க எனக்கு அதிகம் சொற்கள் தேவைப்படவில்லை. சோடியத்தின் பதினோராவது இலத்திரன் கடைமடை வயல். கருவில் 11 நேரேற்றங்கள் இருந்தபோதிலும், இடையில் நிற்கும் பத்து இலத்திரன்கள் காரணமாக அது உணரும் கவர்ச்சி மிகக் குறைவு. ஆயினும் உவமை ஓரளவுக்கே செல்லும். தலைமடைக்காரர் நீரை உண்மையிலேயே எடுத்துக்கொள்கிறார். உள்ளிலத்திரன்கள் கருவின் கவர்ச்சியை எடுத்துக்கொள்வதில்லை. வெளியிலத்திரனைத் தாம் எதிர்த்துத் தள்ளுகின்றன. இழுவையும் தள்ளுகையும் சேர்ந்த மீதியே வெளியே உணரப்படுகிறது. அத்துடன், ஒரே சக்திமட்டத்தில் அருகருகே நிற்கும் இலத்திரன்கள் ஒன்றையொன்று அவ்வளவாகத் திரையிடுவதில்லை. ஆகையினாலேதான் ஓர் ஆவர்த்தனத்தில் இடமிருந்து வலமாகச் செல்கையில் கருவேற்றம் கூடும் அளவுக்குத் திரை தடிப்பதில்லை, அணு சுருங்குகிறது, அயனாக்கற் சக்தி ஏறுகிறது.

இப்போது நான் நின்றுவிட்ட அவ்வாக்கியத்துக்கு வரலாம்.

இரண்டாம் ஆவர்த்தனத்தின் பெறுமானங்கள் இவை: இலிதியம் 520, பெரிலியம் 900, போரன் 801, காபன் 1086, நைதரசன் 1402, ஒட்சிசன் 1314, புளோரின் 1681, நியோன் 2081. ஏற்றத்தின் நடுவே இரண்டிடங்களில் எண்கள் சறுக்குகின்றன: பெரிலியத்திலிருந்து போரனுக்கும், நைதரசனிலிருந்து ஒட்சிசனுக்கும். முதலாவது சறுக்கலில் எனக்குச் சிக்கல் இருக்கவில்லை. பெரிலியத்தின் இறுதி இலத்திரன் 2எஸ் உபசக்திமட்டத்தில் உள்ளது. போரனின் ஐந்தாவது இலத்திரன் அதனினும் உயர்ந்த சக்தியுடைய 2பி இல் நுழைகிறது. 2எஸ் இலத்திரன்கள் அதனை ஓரளவு திரையிடவும் செய்கின்றன. உயரத்தில் இருப்பதைப் பறிப்பது எளிது. இரண்டாவது சறுக்கலுக்குக் குறிப்புப் புத்தகம் கூறிய காரணம்: "நைதரசனின் 2பி உபசக்திமட்டம் அரைவாசி நிரம்பியுள்ளது. அரைவாசி நிரம்பிய அமைப்பு விசேட உறுதியுடையது. எனவே நைதரசனின் அயனாக்கற் சக்தி உயர்வானது."

தங்கைக்கு இதில் ஐயம் இருந்தது. "ராத்தா, அரைவாசி நிரம்பினா ஏன் உறுதி எண்டு கேட்டா, அயனாக்கற் சக்தி கூட எண்டுறாங்க. அயனாக்கற் சக்தி ஏன் கூட எண்டு கேட்டா, உறுதி எண்டுறாங்க" என்றாள். வரலாற்று விரிவுரைகளில் இதனை வட்டத்தர்க்கம் என்பர். ஒரு கல்வெட்டின் காலத்தை அதில் வரும் மன்னனைக் கொண்டும், அம்மன்னனின் காலத்தை அதே கல்வெட்டைக் கொண்டும் நிறுவுவது போன்றது அது. காரணத்தின் இடத்தில் ஒரு பெயரை வைத்துவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றிருந்தனர்.

அன்றிரவு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நாமிருவரும் அவ்வெண்களைப் புள்ளிகளாக இட்டோம். போரன் 801, காபன் 1086, ஏற்றம் 285. காபனிலிருந்து நைதரசனுக்கு ஏற்றம் 316. இப்புள்ளிகள் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமர்ந்தன. நைதரசனுக்கு விசேட உறுதி ஒன்று இருப்பின், அதன் புள்ளி முன்னைய இரண்டும் காட்டும் வழியைவிட்டு மேலே துருத்தியிருத்தல் வேண்டும். அது துருத்தவில்லை. 285 இற்கும் 316 இற்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடும் நைதரசனுக்கே உரியதன்று. ஒட்சிசனிலிருந்து புளோரினுக்கு ஏற்றம் 367, புளோரினிலிருந்து நியோனுக்கு 400. அங்கும் ஏறக்குறைய அதேயளவு வேறுபாடு உண்டு. கோடு இயல்பிலேயே சற்று மேல்நோக்கி வளைகிறது. விலகி நிற்பது ஒட்சிசன். கோட்டின் வழியே சென்றிருந்தால் அதன் பெறுமானம் 1740 அளவில் இருந்திருக்கும், உண்மையில் 1314. அதன்பின் புளோரினும் நியோனும் அத்தாழ்ந்த இடத்திலிருந்தே ஏறுகின்றன. தாளில் தோன்றியவை ஏறக்குறைய இணையாகச் செல்லும் இரு கோடுகள். மேற்கோடு நைதரசனுடன் முடிகிறது. கீழ்க்கோடு ஒட்சிசனுடன் தொடங்குகிறது.

ஆகவே வினாவே மாறிவிடுகிறது. நைதரசன் ஏன் உயர்ந்தது என்று கேட்பதற்கு மாறாக, ஒட்சிசனும் அதற்குப் பின் வருவனவும் ஏன் தாழ்ந்தன என்றே கேட்கவேண்டும். 2பி உபசக்திமட்டத்தில் மூன்று ஒபிற்றல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு இலத்திரன்களை ஏற்கும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் பேருந்தில் இருவர் அமரும் ஆசனங்கள் மூன்று வெறுமையாக இருந்தால், முன்பின் அறியாத முதல் மூவரும் தனித்தனியே அமர்வர். நான்காமவர் ஒருவரின் அருகே அமர்ந்தே ஆகவேண்டும். இவ்வுவமை எல்லா வகுப்பறைகளிலும் கூறப்படுவதே. ஆனால் அதனை இறுதிவரை பின்தொடர்ந்தால் மூன்றாம் பயணிக்குத் தனிப்பட்ட சுகம் எதுவும் வாய்க்கவில்லை என்பது தெளிவாகும். முதலாமவருக்குக் கிடைத்த தனியாசனமே அவருக்கும் கிடைத்தது. நெருக்கடி நான்காமவருடன் தொடங்குகிறது. ஒட்சிசனின் நான்காவது 2பி இலத்திரன், ஏற்கெனவே ஒன்று இருக்கும் ஒபிற்றலில் நுழைந்து அதனால் தள்ளப்படுகிறது. அதனை அகற்றுவது எளிதாகிறது. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் அதே நிலைமை.

இரசாயனவியல் விரிவுரையாளர்கள் இவ்விடத்தில் பரிமாற்றச் சக்தியைக் குறிப்பிடுவர் என்பதை அறிவேன். ஒரே திசைச் சுழற்சியுடைய இலத்திரன்கள் ஒன்றையொன்று விலகி நிற்கும் இயல்பின. அதனால் அவற்றுக்கிடையே தள்ளுகை குறைகிறது. முதல் மூன்றும் இச்சலுகையைப் பெறுகின்றன. எதிர்த்திசைச் சுழற்சியோடு வரும் நான்காவது, தனக்கு முன் வந்த மூன்றிடமும் அதனைப் பெறுவதில்லை. இது கணிப்பை நுட்பமாக்குகிறது. முறிவு நிகழும் இடத்தை மாற்றுவதில்லை.

மூன்றாம் ஆவர்த்தனத்திலும் இதனைச் சோதித்தோம். அலுமினியம் 578, சிலிக்கன் 787, பொசுபரசு 1012. பின்னர் கந்தகம் 1000, குளோரீன் 1251, ஆகன் 1521. மீண்டும் இரு கோடுகள். ஆனால் இங்கு கீழிறக்கம் ஏறக்குறைய 250 கிலோயூல் மாத்திரமே. ஒட்சிசனிலோ அது 400 இற்கும் மேல். கந்தக அணு பெரியது. ஒரே ஒபிற்றலில் இருக்கும் இரண்டு இலத்திரன்களுக்கு அங்கு இடம் கூடுதலாக உள்ளது. எனவே தள்ளுகை குறைவு. காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால், அது தான் கேட்கப்படாத வினாவுக்கும் விடையளிக்கிறது. "விசேட உறுதி" என்னும் சொற்றொடரால் 250 இற்கும் 400 இற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பற்றி எதனையும் கூற இயலாது.

பாடநூல்கள் நிலையமைப்பை முதலில் எழுதி, அதிலிருந்து அயனாக்கற் சக்தியை வருவிக்கின்றன. அறிவு வந்த வழி பெரும்பாலும் இதற்கு மறுதலையானது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆக்கிய "கெமிஸ்தம்" என்னும் தமிழ் இரசாயன நூல் 1875 இல் வெளிவந்தது. மெண்டலேயெவ்வின் அட்டவணை தோன்றி அப்போது ஆறாண்டுகளே ஆகியிருந்தன; இலத்திரன் கண்டறியப்படுவதற்கு இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. மூலகங்களின் இயல்புகள் முறைப்படி மீண்டும் வருகின்றன என்று கண்டோர், ஏன் வருகின்றன என்பதை அறியாமலே கண்டனர். நிறமாலைக் கோடுகளை அளந்தனர். இலத்திரனைக் கழற்றும் சக்தியை அவற்றிலிருந்து கணித்தனர். போர் 1913 இலும் பவுளி 1925 இலும் அவ்வளவீடுகளுக்குப் பொருந்தும் விதிகளைத் தந்தனர். யாரும் ஒபிற்றலுக்குள் நுழைந்து இலத்திரன்களை எண்ணவில்லை. வரிப் பதிவேட்டிலிருந்து ஓர் ஊரின் குடியமைப்பை நாம் ஊகிப்பது போன்று, எண்களிலிருந்து உள்ளமைப்பை ஊகித்தனர். (இலத்திரன் என நாம் எழுதுவதைத் தமிழ்நாட்டார் எலக்ட்ரான் என எழுதுவர், எமது மூலகம் அவர்களுக்குத் தனிமம், எமது அயனாக்கற் சக்தி அவர்களது அயனியாக்கும் ஆற்றல். இந்திய நூலொன்றை இரவல் பெற்ற தங்கை முதல் இரண்டு நாட்களையும் அகராதி ஒன்றை ஆக்குவதிலேயே கழித்தாள்.)

இவ்வெண்களைக் கொண்டு விண்மீன்களையே வாசிக்கலாமெனக் காட்டியவர் எமது பிராந்தியத்தைச் சேர்ந்தவர். டாக்காவுக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றில் 1893 இல் பிறந்த மேகநாத சாகா, தன் ஊரில் ஆரம்பப் பள்ளிக்கு மேல் இல்லாமையால், பல மைல் தொலைவில் வைத்தியர் ஒருவரின் வீட்டில் தங்கிப் படிக்க நேர்ந்தது. 1920 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, சூரியனின் வெளிப்படலத்தில் எம்மூலகம் எவ்வளவு தூரம் அயனாகியிருக்கும் என்பதை வெப்பநிலை, அமுக்கம், அயனாக்கற் சக்தி ஆகியவற்றிலிருந்து கணிக்க வழிகாட்டியது. அதற்கு முன்னரே தமிழ்நாட்டின் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில், கல்சியத்தின் ஒரு குறிப்பிட்ட ஊதா ஒளியில் சூரியனைப் படமெடுத்து வந்தனர். அவ்வொளி, ஓர் இலத்திரனை இழந்த கல்சியத்தினது. கல்சியத்தின் முதலாம் இலத்திரனுக்கு 590 கிலோயூல் போதும்; இரண்டாவதுக்கு 1145 வேண்டும். சூரியனின் வெப்பம் முதலாவதைப் பெரிதும் பறித்துவிடுகிறது. இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. ரூபீடியமும் சீசியமும் சூரிய நிறமாலையில் காணப்படாமையையும் சாகா இவ்வாறே விளக்கினார். அவை அங்கு இல்லாமலில்லை. ரூபீடியத்துக்கு 403 உம் சீசியத்துக்கு 376 உமே வேண்டியிருப்பதால், எளிதில் இலத்திரனை இழந்து தம் அடையாளக் கோடுகளையும் இழந்துவிட்டன. வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் அவற்றைத் தேடலாம் என்றார். ரசல் என்னும் அமெரிக்க வானியலாளர் அங்கு ரூபீடியத்தைக் கண்டார். சான்று கிட்டாமை இன்மைக்குச் சான்றாகாது என எமது விரிவுரைகளில் ஓயாது கேட்கிறோம். இவ்வளவு அழகான உதாரணம் ஒன்றை நான் வரலாற்று நூல்களில் இன்னும் சந்திக்கவில்லை.

இலங்கைக்கும் இக்கதையில் பங்குண்டு. கலைப்பீடத்தில் ஆனந்த குமாரசுவாமியை அறியாதார் இல்லை. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றியும் சிவநடனம் பற்றியும் எழுதியவர் என்றே அவரை அறிவோம். அவர் முதலில் புவிச்சரிதவியலாளர். இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளர். சப்ரகமுவைப் பக்கத்து இரத்தினக்கல் மணல்களிலிருந்து அவர் கண்டெடுத்த கரிய கனமான கனிப்பொருள், 1904 இல் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. அதனைச் சூடாக்கியபோது ஈலியம் வெளிவந்தது. லண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் 1905 இல் ஓட்டோ ஹான், இலங்கையிலிருந்து சென்ற அதே கனிப்பொருளிலிருந்தே ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். திடமான கல்லினுள் வாயு எவ்வாறு புகுந்தது? தோரியம் கதிர்த்தொழிற்பாட்டால் சிதையும்போது வெளிவரும் அல்பாத் துணிக்கை, இலத்திரன்கள் இரண்டையும் இழந்த ஈலியக் கருவேயாகும். அது கல்லினுள்ளே தடைப்பட்டு நிற்கையில், சுற்றியுள்ள அணுக்களிலிருந்து இரண்டு இலத்திரன்களைப் பறித்துக்கொண்டு ஈலிய அணுவாகிறது. எந்த அணுவாலும் அதனிடம் தன் வெளியிலத்திரனைக் காத்துக்கொள்ள இயலாது. ஈலியத்தின் அயனாக்கற் சக்தியே அனைத்தினும் உயர்ந்தது எனக் கண்டோம். முதலாம் சக்திமட்டம் கருவுக்கு மிக அண்மையில் இருக்கிறது. இடையில் திரையிட ஒன்றுமில்லை. ஒருமுறை பிடித்த இரண்டையும் அது பின்னர் எதனுடனும் பகிர்ந்துகொள்வதில்லை. குமாரசுவாமி கண்டெடுத்த கல்லில் அது நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. கல்லைப் படித்தவரும் சிற்பத்தைப் படித்தவரும் ஒருவரே என்பதை எனது பாடசாலைக் காலத்தில் எவரும் எனக்குக் கூறவில்லை.

நாட்காட்டித் தாளைத் தங்கை தான் செல்லும் தனியார் வகுப்பொன்றுக்கு எடுத்துச் சென்றாள். ஆசிரியர் அதனை நெடுநேரம் பார்த்தாராம். பிழையென்று கூறவில்லை, இவற்றைப் பல்கலைக்கழகம் போனபின் பார்க்கலாம், பரீட்சைக்குக் குறிப்பிலுள்ளதை எழுது என்றாராம். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் அவர் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓர் அலகை முடித்தாகவேண்டும். ஆனால் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் வழி அவ்வாக்கியத்தின் ஊடாகவே செல்கிறது என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன். வகுப்பிலுள்ள பெண்பிள்ளைகள் சிலருடைய வீடுகளில், இம்முறை புள்ளிகள் போதாவிடின் மறுமுறை தோற்ற இடமிராது.

எதை எழுதுவது என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் ஒன்றும் கூறவில்லை. சிறிது நேரம் கழித்து அவளே முடிவு செய்தாள். குறிப்பிலுள்ள வாக்கியத்தை முதலில் எழுதுவாளாம். அதன் கீழே இடமிருந்தால், ஒட்சிசனின் நான்காவது 2பி இலத்திரன் சோடியாக இருப்பதால் தள்ளப்படுகிறது என்று இன்னொரு வரி சேர்ப்பாளாம். தாளை மடித்து ஆவர்த்தன அட்டவணையின் பின்னே செருகி வைத்திருக்கிறாள். நான்காம் ஆவர்த்தனத்தில் கல்சியத்துக்கும் கல்லியத்துக்கும் இடையே பத்து மூலகங்கள் வந்து புகுந்துகொள்கின்றன. அங்கு இரு கோடுகள் தோன்றுமா என்று பார்க்க அடுத்த விடுமுறைக்கு நான் கட்டத்தாள் வாங்கி வரவேண்டுமாம்.